அம்மாவின் முழங்காலும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஊருக்குப் போய், தேர் முடிந்து இரண்டு நாளில் டென்மார்க் திரும்பினேன். கோயில் ஒரு சாட்டுத்தான். போனது அம்மாவின் முழங்காலுக்காக. ஃபோனில் கேட்டால் "கொஞ்சம் உழையுது பிள்ளை" என்பதோடு கதையை முடித்துவிடுவா. நேரில் பார்த்தால், திருவலையில் இருந்து தேங்காய் துருவிவிட்டு எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. வயது 73, எடை 74 கிலோ.

முதலில் ரவுனில் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனோம். ஏசி, நம்பர் துண்டு, எல்லாம் ஒழுங்கு. டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "தேய்மானம், உடம்பைக் குறையுங்கோ" என்றார். எப்படிக் குறைப்பது என்று கேட்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாகிவிட்டது. பிறகு ஃபிசியோ. கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்குச் சூடு கொடுக்கும் மெஷின், அதன்பின் கரண்ட் பட்டி. பத்து நாளைக்கு முழுக் காசும் முன்கூட்டியே. அம்மாவுக்கு நல்ல சந்தோஷம்: "சுகமா நித்திரை வந்தது." பத்து நாளும் ஒருவராவது அவவை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நோ குறையாவிட்டால் ஊசி போடலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில், என் முழங்காலுக்கும் இதே வியாதி. அங்கே என்னை அனுப்பியது 'கிளாட்' என்ற பயிற்சிக்கு. 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய திட்டம் அது. வியாதியைப் பற்றி இரண்டு வகுப்பு, பிறகு ஆறு கிழமைக்கு, கிழமைக்கு இரண்டு முறை, மொத்தம் 12 தடவை கூட்டாக உடற்பயிற்சி. செலவில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். முதல் நாள் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தரம் கதிரையில் இருந்து எழும்புகிறேன் என்று எண்ணினார்கள். நோ பத்துக்கு ஐந்து வரை வந்தாலும் செய்யலாம், ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி என்பது அங்கே விதி. நோகிற காலை ஆட்டக்கூடாது என்று வளர்ந்த எனக்கு அது புதுப் பாடம்.

ஊசியும் அப்படித்தான். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 156 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டீராய்ட் ஊசி, மற்றவர்களுக்கு ஃபிசியோ. ஒரு வருடத்தின் பின், 240க்குப் போடும் நோ, இயலாமைப் புள்ளி ஊசிக்காரருக்கு 55.8, ஃபிசியோக்காரருக்கு 37. குறைந்தால்தான் நல்லது.

பதினோராம் நாள் தங்கச்சி பேசிப்பேசி எங்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். காசு இல்லை. ஆனால் இரண்டரை மணித்தியாலம் வாங்கில் காவல். உள்ளே ஒரு சின்ன அறை, நிறம் மங்கிய பிளாஸ்டிக் கதிரை ஒன்று, மரப்படி ஒன்று, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஃபிசியோப் பிள்ளை ஒருத்தி. "அம்மா, கையை ஊண்டாம எழும்புங்கோ பாப்பம்." முடியவில்லை. ஒருமுறையும் முடியவில்லை. கையூன்றி நாலு தரம் எழும்பினா. படியில் ஏறி இறங்குவது, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்துவது, கதிரையில் எழும்பி இருப்பது. மூன்றையும் செய்து காட்டி, அம்மாவைச் செய்ய வைத்து, பிழையைத் திருத்தினாள். "நோகும், பயப்பிடாதேங்கோ. நாளைக்கும் கூடவா நோந்தா எண்ணிக்கையைக் குறையுங்கோ." ஹேர்னிங்கில் நான் காசு கட்டிக் கேட்ட அதே விதி!

குறையும் உண்டு. அடுத்த தவணை ஒரு மாதம் கழித்து. பஸ்ஸில் ஏற முடியாத ஆளுக்கு ஓட்டோக் காசே பாரம். ஆறு கிழமை விடாமல் யாராவது பக்கத்தில் நின்று எண்ணாவிட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரு கிழமையில் விட்டுவிடுவார்கள், நானே விட்டிருப்பேன். அந்தப் பிள்ளையைக் கேட்டால், தனக்கும் கூட்டு வகுப்பு வைக்க ஆசைதானாம், ஆளும் இடமும் இல்லையாம்.

மிச்சம் இருந்தது எடை. உடற்பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்காது. அமெரிக்காவின் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருத்த, முழங்கால் தேய்ந்த 454 பேரை 18 மாதம் பார்த்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக 1.8 கிலோதான் குறைந்தது. சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்தவர்களுக்கு 10.6 கிலோ, நோவும் ஏறத்தாழப் பாதி. அதே குழுவினர் முன்பு சொன்ன கணக்கு இன்னொன்று: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். நாலு கிலோ குறைத்தால் அடிக்குப் பதினாறு. "அப்ப இவ்வளவு காலமும் அரிசி மூட்டையோடயோ நடந்தனான்?" என்றா. ஆனாலும் இரவுப் புட்டில் கைவைக்க விடவில்லை. தேத்தண்ணிச் சீனியைத்தான் முதலில் விட்டா, அதுவும் வெள்ளிக்கிழமை விரதத்தைச் சாட்டி. புட்டு பாதியானது தங்கச்சி கோப்பையைச் சின்னதாக மாற்றிய பிறகு. திருவலையை மேசை விளிம்பில் பூட்டும் துருவியாக மாற்றினோம்.

நான் திரும்பி இப்போது இரண்டு மாதம். ஞாயிறு தோறும் வாட்ஸ்அப்பில் தங்கச்சி கதிரையை வைத்து எண்ணுவாள். போன கிழமை கையூன்றாமல் ஆறு. ஏழாவதில் கதிரைக் கையைப் பிடித்தது கணக்கில் சேராது என்று தங்கச்சி சொல்ல, தான் பிடிக்கவில்லை, சும்மா தொட்டதுதான் என்று அம்மா இன்னும் சண்டை.