எலியட்ஸ் கடற்கரையில் ஒரு யு-பூட்டு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மிதிவண்டியை நிறுத்திவிட்டு அலையோரம் நடக்கும் வழக்கமுள்ள நான், கம்பிவடப் பூட்டை யாரோ நறுக்கி வண்டியைக் கொண்டுபோன பிறகு, 14 மி.மீ. தடிமனுள்ள எஃகு யு-பூட்டு (U வடிவப் பூட்டு) ஒன்றை வாங்கி ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். கம்பிவடத்தைக் கையடக்கக் கட்டரே வெட்டிவிடும். யு-பூட்டை அறுக்கவோ தீப்பொறி பறக்க உலோகத்தை அறுக்கும் கிரைண்டர் வேண்டும் என்பதால், சுண்டல்காரர்களும் குடும்பங்களும் நிறைந்த மாலை நேரத்தில் அதற்குத் துணிவது கடினம். பின்சக்கரத்தையும் சட்டகத்தையும் சேர்த்தே பூட்ட முடிகிறது. ஆனால் வளைவு குறுகலாக இருப்பதால் தடித்த விளக்குக் கம்பத்தில் மாட்ட இயலாது. ஒல்லியான இரும்புக் கம்பியைத் தேடி அலைய வேண்டும். கனமும் அதிகம். உப்புக்காற்றில் மூன்றே மாதத்தில் சாவித்துளை இறுகிவிட்டது. கிராஃபைட் தூள் போட்ட பின்புதான் சாவி திரும்பியது.