துப்பாக்கியில் பூட்டா, வீட்டில் பூட்டா, கடையில் பூட்டா?

2014-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ராக்வில் என்ற ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஒருவர் புது மாதிரிக் கைத்துப்பாக்கி ஒன்றை விற்கப்போவதாக அறிவித்தார். அவ்வளவுதான், கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கிவிட்டன. மிரட்டியவர்கள் துப்பாக்கியே கூடாது என்கிற கட்சி அல்ல. துப்பாக்கி எங்கள் பிறப்புரிமை என்கிற கட்சி. கடைக்காரர் உடனே பின்வாங்கினார். அதே ஆண்டு கலிபோர்னியாவில் இந்தத் துப்பாக்கியை விற்பனைக்கு வைத்ததாகச் செய்தியில் அடிபட்ட இன்னொரு கடையும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவியது.

அந்தத் துப்பாக்கி, ஆர்மாட்டிக்ஸ் ஐபி1. ஜெர்மன் தயாரிப்பு. கூடவே ஒரு கைக்கடிகாரம் வரும். கடிகாரம் கட்டிய கை சுமார் 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் துப்பாக்கி சுடும். இல்லையென்றால் வெறும் இரும்பு. இப்படி உரிமையாளர் கையில் மட்டும் சுடுவதைத்தான் ஸ்மார்ட் துப்பாக்கி என்கிறார்கள். கடிகாரத்தோடு சேர்த்து விலை 1,800 டாலர் அளவில். அதுவும் .22 காலிபர், தற்காப்புக்கென்று வாங்குகிறவர்கள் பொதுவாகச் சீந்தாத சின்னத் தோட்டா. சந்தையில் தானாகவே படுத்துவிட்டிருக்கக்கூடிய ஒரு சரக்குக்கு இவ்வளவு ஆத்திரம் ஏன்?

காரணம் நியூ ஜெர்சி சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2002-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. உரிமையாளர் கையில் மட்டுமே சுடும் கைத்துப்பாக்கி அமெரிக்காவில் எங்காவது விற்பனைக்கு வந்துவிட்டால் போதும், அதிலிருந்து மூன்று ஆண்டுகளில் நியூ ஜெர்சிக் கடைகளில் அந்த வகைக் கைத்துப்பாக்கி மட்டுமே விற்கலாம். ஆக, மேரிலாந்தில் ஒருவர் ஒரு துப்பாக்கியை விற்றால் நியூ ஜெர்சியில் மற்றெல்லாக் கைத்துப்பாக்கிகளுக்கும் கடைக்கதவு சாத்தப்படும். போலீஸுக்கு மட்டும் விலக்கு. "போலீஸே நம்பாததை என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?" என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தொழில்நுட்பத்தை வளர்க்கப் போட்ட சட்டமே அதன் கழுத்தை நெரித்தது. எந்தக் கடைக்காரனும் முதல் ஆளாக இருக்கத் துணியவில்லை. 2019-இல்தான் நியூ ஜெர்சி அதைத் திருத்தியது. இப்போதைய சட்டப்படி, இதற்கென்றே உள்ள மாநில ஆணையம் ஒரு மாதிரியை அங்கீகரித்த பிறகு ஒவ்வொரு கடையும் அந்த வகையில் ஒன்றையாவது விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும். மற்றவற்றுக்குத் தடை இல்லை. இடையில் போனது பதினேழு ஆண்டு.

இதற்கு முன்பே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பட்ட பாடும் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் நினைவிருந்தது. 2000 மார்ச்சில் கிளின்டன் அரசோடு அது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. துப்பாக்கிகளோடு பூட்டு தருவது, ஸ்மார்ட் துப்பாக்கி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது போன்றவை அதில் உண்டு. வாடிக்கையாளர்கள் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது. 1987-இல் 11.25 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியிருந்த பிரிட்டிஷ் நிறுவனம், 2001-இல் 1.5 கோடி டாலருக்குத் தள்ளிவிட்டது.

இவ்வளவு சண்டைக்கும் உரியதா இந்தத் துப்பாக்கி? தனியாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் மற்ற இரண்டு பூட்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வீட்டுப் பெட்டகமும் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டமும். இன்னொன்று, துப்பாக்கி யார் கைக்குப் போகிறது என்பதையே கட்டுப்படுத்தும் சட்டம்.

சுட்டது யார் கை?

அளவுகோல் முதலில். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை, 20,958 கொலை. தவறுதலாக வெடித்து இறந்தவர்கள் 549.

ஸ்மார்ட் துப்பாக்கி விளம்பரங்களில் வருகிற காட்சி பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்ணைச் சேர்ந்தது: தலையணைக்கடியில் இருந்ததை எடுத்து விளையாடிய குழந்தை. அந்தச் சாவு சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்களும் பதின்வயதினரும் வேறெதையும்விடத் துப்பாக்கியால்தான் அதிகம் இறக்கிறார்கள். ஆனால் மொத்தக் கணக்கில் பாதிக்கு மேல், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவர்கள். அவர்களில் மிகப் பலர் பெரியவர்கள், துப்பாக்கிக்குச் சொந்தக்காரர்கள். கடிகாரமும் விரல் ரேகையும் அவர்களுடையதுதான். துப்பாக்கி அவர்களை அடையாளம் கண்டுகொள்ளும், சுடும்.

முதல் பூட்டு: துப்பாக்கிக்குள்

இதிலேயே இரண்டு வழி உண்டு. ஒன்று ரேடியோ அலை: கடிகாரம், மோதிரம், கைப்பட்டை என்று ஏதாவது ஒன்றில் சில்லு இருக்கும். 1990-களில் கோல்ட் என்ற துப்பாக்கி நிறுவனம் முயன்றது இந்த வழியைத்தான். இன்னொன்று உடலையே சாவியாக்குவது: விரல் ரேகை, முகம், பிடியின் அழுத்தம்.

ரேடியோ வழியின் மானம் 2017-இல் லாஸ் வேகாஸில் போனது. டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் ப்ளோர் என்ற புனைபெயர்க்காரர் ஐபி1-ஐ மூன்று விதமாகத் தோற்கடித்துக் காட்டினார். ஒன்று, கடிகாரத்தின் சமிக்ஞையை வாங்கி வாங்கிக் கடத்தி, 25 செ.மீ. எல்லையைப் பல அடிக்கு நீட்டினார். இரண்டு, அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பி, உரிமையாளர் கையிலேயே சுடாமல் செய்தார். மூன்றாவதைக் கண்டுதான் கூட்டம் சிரித்திருக்க வேண்டும். உள்ளே சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்துவது ஒரு மின்காந்தம். 15 டாலருக்குக் காந்தம் வாங்கித் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். தடுப்பு விலகியது, கடிகாரமே இல்லாமல் சுட்டது.

உடல் சாவி வழியில் இன்று முன்னால் நிற்பது கொலராடோவின் பயோஃபயர். அரோரா திரையரங்கில் 2012-இல் நடந்த படுகொலைக்குப் பிறகு, பள்ளி மாணவராக இருந்தபோது காய் க்ளோப்ஃபர் தொடங்கிய முயற்சி. 2023-இல் அறிவித்த 9 மி.மீ. துப்பாக்கியின் விலை 1,499 டாலர். விரல் ரேகை, முகம் இரண்டில் எது பொருந்தினாலும் திறந்துகொள்ளும். கையை விட்டுப் போனால் பூட்டிக்கொள்ளும். கையில் ஈரம் இருந்தால் முகம், இருட்டோ முகமூடியோ குறுக்கே வந்தால் ரேகை என்கிற யோசனை. ஐபி1-ஐவிட இது நூறு பங்கு தேவலாம்.

ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. தவறான கையில் ஒருமுறைகூடச் சுடக்கூடாது, சரியான கையில் ஒருமுறைகூட மக்கர் பண்ணக்கூடாது. ஒன்றை இறுக்கினால் மற்றது தளரும். செல்போன் நம் விரலை மறுத்தால் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்போம். நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் வரும்போது அந்த அவகாசம் கிடையாது. எத்தனையோ ஆண்டு பரணில் கிடந்தாலும் சுடும் எளிய இயந்திரத்துக்குப் பழகியவர்களிடம் சார்ஜ் போட்டு வையுங்கள் என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். குழந்தைப் பாதுகாப்பு என்ற எண்ணம் புதிதும் அல்ல. 1880-களிலேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், பிடியின் பின்புறக் கட்டையை அழுத்திப் பிடித்தால்தான் சுடும் ரிவால்வரைக் கொண்டுவந்து, சிறு குழந்தையின் கைக்கு அந்தப் பலம் வராது என்று விளம்பரம் செய்தது. பேட்டரி தேவைப்படவில்லை.

இந்தப் பூட்டுக்கு உண்மையான வலு திருட்டு விஷயத்தில். அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் திருடு போகின்றன, கணிசமானவை கார்களிலிருந்து. போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுடும் சம்பவங்களும் உண்டு. 1990-களில் மத்திய நீதித்துறை சாண்டியா ஆய்வகத்தை இந்த ஆராய்ச்சியில் இறக்கியதே அதற்காகத்தான். பெட்டகம் இடுப்பில் தொங்காது. அங்கே துப்பாக்கிக்குள் இருக்கும் பூட்டு மட்டும்தான் உதவும். போலீஸ் துறைகளோ பெரும்பாலும் ஆர்வம் காட்டவில்லை.

பெரிய குறை எண்ணிக்கை. 2018-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் சுமார் 39.3 கோடித் துப்பாக்கிகள். நாளையே விற்பனையெல்லாம் ஸ்மார்ட் ஆனாலும் இவை எங்கும் போகாது.

இரண்டாம் பூட்டு: வீட்டுக்குள்

தோட்டா போகும் வழியில் கம்பி வடத்தைச் செருகிப் பூட்டும் பூட்டை அங்கே இலவசமாகவே தருகிறார்கள். துப்பாக்கித் தொழில் சங்கமே கோடிக்கணக்கில் விநியோகித்திருக்கிறது. படுக்கையருகே வைக்கும் சின்னப் பெட்டகம், எண் அழுத்தினால் சில நொடிகளில் திறப்பது, ஸ்மார்ட் துப்பாக்கியின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும். ஏற்கனவே இருக்கும் 39.3 கோடிக்கும் பொருந்தும் என்பது இதன் பெரிய பலம்.

2005-இல் இயற்றிய மத்தியச் சட்டப்படி, கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் பூட்டும் சேர்த்துத் தர வேண்டும். அதைப் பூட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை! அந்த வேலையை மாநிலங்கள் செய்கின்றன: பிள்ளை கைக்கு எட்டும்படி விட்டால் பெரியவருக்குத் தண்டனை. இந்த வகைச் சட்டங்கள் இளையோரின் தற்கொலைகளையும் விபத்துகளையும் குறைக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாக ராண்ட் நிறுவனத்தின் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. துப்பாக்கிச் சட்டங்களில் இந்த அளவு சான்று உள்ளவை மிகச் சில.

2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் ஆறு வயதுப் பையன் அம்மாவின் துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை பிழைத்தார், அம்மா சிறைக்குப் போனார். 2012-இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற இளைஞன் எடுத்துப்போனது அவன் தாய் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிகளை. இவ்விரண்டையும் முதல் பூட்டும் தடுத்திருக்கலாம், இரண்டாம் பூட்டும் தடுத்திருக்கலாம். விலையில் மட்டும்தான் பெரிய வித்தியாசம்.

பெட்டகமும் புனிதப்பசு அல்ல. 2023 அக்டோபரில் ஒரு நிறுவனத்தின் விரல் ரேகைப் பெட்டகங்கள் சுமார் 61,000 திரும்பப் பெறப்பட்டன. ரேகையைப் பதிந்துவிட்டதாக உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்க, பெட்டகம் பதியாத நிலையிலேயே நின்று, யார் விரல் வைத்தாலும் திறந்திருக்கிறது. 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்ததைத் தொடர்ந்து வந்த நடவடிக்கை அது. எண் பூட்டு பழசு என்று தள்ள வேண்டாம்.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. தலைநகர் வாஷிங்டனில் வீட்டுத் துப்பாக்கியைக் கழற்றியோ விசைப்பூட்டு போட்டோதான் வைக்க வேண்டும் என்றிருந்த விதியை 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மூன்றாம் பூட்டு: கடையிலும் கோர்ட்டிலும்

1993-இன் பிரேடி சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி சோதனை கிடையாது, ஓட்டை அங்கே. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது இன்னோர் ஓட்டை. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அந்த வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான்.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பது, ஆபத்தான நிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம். 1999-இல் கனெக்டிகட் தொடங்கியது. 2018-இல் பார்க்லண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு ஃபுளோரிடா உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கனெக்டிகட்டில் 10 முதல் 20 பேரிடம் எடுத்துவைத்தால் ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். துப்பாக்கியால் முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை. அந்தக் கெட்ட வாரம் கடக்கும்வரை அது வீட்டில் இல்லாமல் இருப்பதுதான் விஷயம். சொந்தக்காரரின் கையையே தடுக்கும் பூட்டு மூன்றில் இது ஒன்றுதான்.

இதைத் தொடங்கிவைக்க ஒரு மனிதர் வேண்டும்: போலீஸை அழைக்கும் மனைவி, மகன், அக்கா. அது இதன் பலவீனம். அரசு வீடு புகுந்து பறிக்கிறது என்ற பயமும் எளிதில் பற்றிக்கொள்கிறது. ஆனால் குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதை 2024-இல் ரஹீமி வழக்கில் 8-க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது.

என் கணக்கு

பொதுப் பணத்தையும் அரசியல் சக்தியையும் செலவழிக்க ஓரிடம்தான் என்றால், மூன்றாம் பூட்டு. அடுத்தது இரண்டாம் பூட்டு. ஸ்மார்ட் துப்பாக்கி கடைசி. விரும்பி வாங்குபவருக்குத் தடை இருக்கக்கூடாது, வேண்டாம் என்பவருக்குக் கட்டாயமும் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றி அதிகம் சந்தேகப்பட்டவர்களில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குக் குரல்கொடுக்கும் வயலன்ஸ் பாலிசி சென்டரும் உண்டு. பாதுகாப்பானது என்று நம்பி, இதுவரை துப்பாக்கியே வாங்காத வீடுகளும் வாங்கத் தொடங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே பொருளைக் கண்டு மிரண்டன.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள் என்பது அங்கத்திய குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை. சாப்பாட்டில் அலர்ஜி உண்டா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்கலாம், பெரும்பாலோர் கோபித்துக்கொள்வதில்லை. "கவலைப்படாதீர்கள், எங்களுடையது ஸ்மார்ட் துப்பாக்கி" என்று பதில் வந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வேறு துப்பாக்கி இருக்கிறதா? 2017-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில், துப்பாக்கி வைத்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் ஒன்றுக்கு மேல் இருந்தது.