மூன்று வருஷம் ஓடிய கோடிங் ரோபோ: ஸ்பீக்கர் வயரைக் கழற்றிய பிறகு எழுதுவது

போன வாரம் ரோபோவின் இடது சக்கர மோட்டாரை மாற்றினோம். வாங்கி மூன்று வருஷம் நாலு மாதம் ஆகிறது. ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே தோழி ஒருத்தி போன் செய்தாள். "என் பொண்ணுக்கு எட்டு வயசு ஆகுது. கோடிங் பழக்கலாம்னு பாக்கறேன். உங்க வீட்டுல இருக்கற அந்த ரோபோ எப்படி, வாங்கலாமா?" அரை மணி நேரம் பேசினேன். வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. எனக்கே தெளிவாக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளங்கை அகல ரோபோ, இரண்டு சக்கரம், நடுவில் பேனா செருக ஒரு ஓட்டை. டேப்லெட்டில் ஆளுக்கொரு கட்டளை எழுதிய பிளாக்குகளை அடுக்கினால் அதன்படி ஓடும். புதிதில் இரண்டு மணி நேரம் நின்ற சார்ஜ் இப்போது நாற்பது நிமிஷம். மற்றதெல்லாம் எந்த விற்பனைப் பக்கத்திலும் கிடைக்கும். தயாரித்தவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் பல பேர் விற்கிறார்கள், நான் சொல்லும் குறைகளும் ஒருவரோடு நிற்பவை இல்லை.

எங்கள் பெட்டி ரோஸ் நிறம். 'பெண் குழந்தைகளுக்காகவே' என்று மேலே எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். மகளுக்கு அப்போது எட்டு வயது. கணினி என்றால் அது அண்ணன் தம்பிகளின் சாமான் என்கிற நினைப்பு அவளுக்குள் வந்துவிடுவதற்கு முன்னால், இது உனக்கும்தான் என்று ஒரு பொருளாவது சொல்லட்டுமே என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

மூன்று வருஷமும் என்னைப் படுத்தி எடுத்தது அதன் குரல்தான். எந்தப் பிளாக்கை வைத்தாலும் "அபாரம்! நீ ரொம்பப் புத்திசாலி!" என்று கத்தும். சத்தத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது. முதல் வாரம் மகள் சிரித்தாள். இரண்டாம் மாதம் காதில் வாங்குவதையே விட்டுவிட்டாள். சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆப்பில் கோட்டை, இளவரசி என்று போகும் கதைப் பகுதியில் ஒரு கட்டத்தை மூன்று தடவை தப்பாகச் செய்தால், நாலாவது தடவை ஆப் தானே விடையை நிரப்பி, தானே ரோபோவை ஓட்டி, அதற்கும் அபாரம் என்று பாராட்டும். நட்சத்திரம் வரையும் கட்டத்தில் அப்படித்தான் ஆனது. திரும்பும் கோணத்தில் 144 என்று அதுவே போட்டுக்கொண்டது, ரோபோ அழகாக நட்சத்திரம் வரைந்தது, குரல் அவளை மேதை என்றது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நான் எதுவுமே பண்ணலையேம்மா, எதுக்கு என்னைப் பாராட்டுது?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 1998-இல் உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கரோல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்து எளிதான கணக்காகப் பார்த்து எடுத்தார்கள், 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் கஷ்டமானதை எடுத்தார்கள். புத்திசாலி என்ற பேர் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே தோன்றும்? இத்தனை வருஷம் கழித்தும் குழந்தைகளுக்கான பொருளில் அந்த ஒரு வாக்கியத்தையே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

அதன் விளைவை வீட்டிலேயே பார்த்தேன். நான் அறைக்குள் நுழைந்தால் அவள் கை விறுவிறுவென்று பிளாக்குகளைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்கும். திரை காலியாக இருக்கும். "இன்னும் ஆரம்பிக்கலைம்மா" என்பாள். ஒருநாள் நான் பின்நோக்கும் அம்புக்குறியைத் தொட்டேன். பதினேழு பிளாக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரே ஒரு இடத்தில்தான் பிழை. சிறுமிகளுக்குக் கோடிங் கற்றுத்தரும் கேர்ள்ஸ் ஹூ கோட் அமைப்பை 2012-இல் தொடங்கிய ரேஷ்மா சௌஜானி தன் 2016 டெட் உரையில் இதே காட்சியைத்தான் சொல்கிறார். மாணவி காலித் திரையைக் காட்டுவாள், ஆசிரியை அன்டூ அழுத்தினால் அவள் எழுதி அழித்த புரோகிராம் தெரியும். சிறுமிகளிடம் நாம் பிழையின்மையை எதிர்பார்த்தே பழகிவிட்டோம், துணிச்சலைப் பழக்கவில்லை என்பது அவர் வாதம். கேட்டபோது நன்றாகப் பேசுகிறார் என்று மட்டும் நினைத்தேன். அந்தப் பதினேழு பிளாக்குகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சரி, இப்போது நல்ல பக்கம்.

வாங்கி ஏழு மாதம் கழித்து, அமைப்புகள் பகுதியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னப் பென்சில் படத்தை மகள் கண்டுபிடித்தாள். அதுதான் வெறும் ஓட்டும் பகுதி. கோட்டை இல்லை, இளவரசி இல்லை, சரி தப்பு பார்ப்பதும் இல்லை. குரல்கூட தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் நல்ல விஷயம் இது ஒன்றுதான், இதற்காகவே மீதி எல்லாவற்றையும் மன்னிக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

ஒன்பதரை வயதில், பழைய நட்சத்திரத்தை இந்தப் பகுதியில் மறுபடி எடுத்தாள். 144 என்ற எண் மறந்து போயிருந்தது. அச்சடித்த நட்சத்திரம் ஒன்றின் முனையில் பாகைமானியை வைத்து அளந்தாள். 36 வந்தது. ஐந்து முறை 'முன்னே போ, 36 திரும்பு' என்று போட்டாள். ரோபோ வளையலைப் பாதியாக உடைத்து வைத்தது மாதிரி ஒரு வளைவை வரைந்துவிட்டு நின்றது. அப்புறம் 360-ஐ ஐந்தால் வகுத்து 72 போட்டாள். கச்சிதமான ஐங்கோணம் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. நான் வாயைத் திறக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். தரையில் சாக்பீஸால் பெரிய நட்சத்திரம் வரைந்து, அதன் கோட்டின் மேல் ரோபோ மாதிரி தானே நடந்தாள். முதல் முனையில் நின்று திரும்பினாள். நின்றாள். மறுபடி பின்னால் போய் வந்து திரும்பினாள். "அம்மா, நான் கொஞ்சமா திரும்பல. கிட்டத்தட்ட வந்த பக்கமே பாக்கற அளவுக்குத் திரும்பறேன்." முனையின் உள்ளே இருக்கும் 36 ரோபோவுக்குத் தெரியாது, அது வெளியே திரும்புகிறது, 180-இல் 36 போனால் மீதி. ஓடிப்போய் 144 போட்டாள். நட்சத்திரம் முடிந்ததும் குரல் அபாரம் என்றது. அவள் காதில் அது விழவே இல்லை. இரண்டாவது நட்சத்திரத்துக்குத் தாள் தேடிக்கொண்டிருந்தாள்.

தன் உடம்பையே ரோபோவாக நினைத்து நடந்து பார்ப்பது புதிய யுக்தி இல்லை. 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழியிலிருந்து வருகிறது. லோகோவில் கட்டளைப்படி ஓடிக் கோடு போடும் ரோபோவுக்கு ஆமை என்று பெயர், பேனா செருகிய ரோபோ என்பதே அந்த ஆமைதான். 1974 முதல் 1976 வரை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ரேடியா பெர்ல்மன் என்ற பெண் அந்த ஆமையை ஓட்டப் பொத்தான்களும் அட்டைகளும் கொண்ட ஒரு கருவியைச் செய்தார். மூன்றரை வயதுக் குழந்தைகூட அதில் புரோகிராம் போட்டது. குழந்தைகளோடு செய்யும் வேலை என்றால், சுற்றிலும் பெண்களே இல்லாத இடத்தில் தன்னை விஞ்ஞானியாக மதிக்க மாட்டார்களோ என்று எண்ணி அதை விட்டுவிட்டதாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். கணினி வலைப்பின்னலில் தகவல் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்காமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985-இல் உருவாக்கியவரும் அவர்தான். எங்கள் பெட்டிக்குள் ஒரு சுவரொட்டி இருந்தது, அதில் இவர் பெயர் இல்லை. பூப்போட்ட கவுனில் ஏடா லவ்லேஸ் மட்டும் இருந்தார். 'உலகின் முதல் புரோகிராமர்' என்று ஒரு வரி, அவர் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்கிடும் இயந்திரம், பெர்னூலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிட எந்தெந்தப் படியில் என்ன செய்ய வேண்டும் என்று 1843-இல் அவர் அட்டவணை வெளியிட்டார், அச்சான அந்த அட்டவணையின் நாலாவது படியில் ஒரு பிழை இருக்கிறது, வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிவிட்டன என்றேன். "அவங்களோடதுலயே பிழையா?" என்று வாய் பிளந்தாள். அட்டவணையின் படத்தைத் தேடி எடுத்து, நாலாவது வரியைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் உள்ளே வரும்போது பிளாக்குகள் குப்பைத்தொட்டிக்குப் போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

இன்னொரு மனக்குறை. அத்தை வீட்டில் அவள் வயதுப் பையனிடம் இதே நிறுவனத்தின் நீலப் பெட்டி இருக்கிறது. அதே சக்கரம், அதே மோட்டார். ஆனால் அவன் ஆப்பில், எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் வேரியபிள் பிளாக் உண்டு, இவள் ஆப்பில் கிடையாது. அவனால் ரோபோவை வைத்து ஸ்கோர் எண்ண முடிகிறது, இவளால் முடியவில்லை. "என்னோடதுல ஏன் இல்ல?" என்று வழியெல்லாம் கேட்டாள். எழுதிக் கேட்டதற்கு, இந்தப் பதிப்பை எளிமையாக வடிவமைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. பெண் குழந்தைகளை வரவேற்கிறோம் என்று வாசலில் எழுதிவிட்டு உள்ளே இரண்டு அறைகளைப் பூட்டி வைத்தால் என்ன அர்த்தம்? அன்றைக்கே எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட, பிளாக்குகளை அடுக்கியே புரோகிராம் போடும் ஸ்க்ராட்ச்சுக்கு அவளை அழைத்துப் போனேன். இலவசம். வேரியபிள் உண்டு. எந்தக் குரலும் யாரையும் மேதை என்று சொல்வதில்லை.

ரிப்பேருக்கு வருகிறேன். மோட்டாரை மாற்ற ரிப்பேர்க்காரர் ரோபோவைத் திறந்து வைத்திருந்தபோது மகள் மேஜையில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதிலிருந்து இரண்டு வயர். "அண்ணா, அந்த வயரை எடுத்துட்டா ஓடுமா?" என்று கேட்டாள். தாராளமாக ஓடும் என்றார். வெட்டப் போனவரைத் தடுத்து, "வெட்டாதீங்க, கழட்டி மட்டும் வையுங்க" என்றாள். இணைப்பை மட்டும் பிடுங்கி, நுனியில் டேப் சுற்றிக் கொடுத்தார். மூன்று வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்ததைப் பதினொரு வயதுப் பெண் ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள். இப்போது வீட்டில் சக்கரம் உருளும் சத்தமும் பேனா தாளில் கீறும் சத்தமும் மட்டும்தான்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. ஸ்க்ராட்ச் இருக்கிறது. கொஞ்சம் பெரியவளானால் பைதான் என்ற கணினி மொழியோடு சேர்ந்தே டர்ட்டில் என்ற தொகுப்பு வருகிறது, திரையில் அதே ஆமை அதே கோடுகளைப் போடும். ஒரு சாக்பீஸ் வாங்கு. அவள் தப்பு செய்யும்போது பக்கத்தில் சும்மா உட்கார். இவ்வளவு சொல்லிவிட்டு, பழைய ரோபோவைத் தூக்கிப் போடாமல் பாதி விலைக்கு மோட்டார் ஏன் மாற்றினாய் என்று நீ கேட்பாய். வலது மோட்டாரும் போனால் அதையும் மாற்றுவேன்.

அன்றைக்கு நான் போனில் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சனிக்கிழமை அந்தப் பாப்பாவை நம் வீட்டுக்கு வரச் சொல்லு, ரோபோவை நான் காட்டறேன் என்றாள். தாள், ஸ்கெட்ச் பேனா, பாகைமானி எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. முதல் வேலையே நட்சத்திரம்தானாம்.

"ஆனா அம்மா, அவ எவ்வளவு கேட்டாலும் 144-னு மட்டும் சொல்லிடாதே."