மென்பொருள் இன்டர்ன்ஷிப்: வீட்டிலிருந்தா, அலுவலகம் போயா?

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் வீடு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் அலுவலகம் என்றால் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் காலை நெரிசல். ரிமோட் (வீட்டிலிருந்தே வேலை) என்றால் அந்த நேரமும் பெட்ரோல் காசும் மிச்சம், மதியம் அம்மா சமையல். இதில் விவாதமே இல்லை.

ஆனால் வேலை கற்பது வேறு விஷயம். பெரிய நிறுவனத்தில் கோட் (கணினி நிரல்) ஏற்கெனவே மலைபோல் குவிந்திருக்கும். அதை நம் லேப்டாப்பில் ஓட வைப்பதே முதலில் பெரிய வேலை. அலுவலகத்தில் பக்கத்து மேசை அண்ணன் திரையைப் பார்த்து, “டோக்கன் (உள்ளே நுழைய விடும் டிஜிட்டல் அனுமதி) காலாவதியாகிவிட்டது தம்பி” என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் அதே பிழையோடு நான் ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்கிறேன், கேட்கக் கூச்சப்பட்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அரை மணி நேரம் முட்டியும் நகரவில்லையா, குழுவின் பொதுச் சாட்டில் கேளுங்கள்: என்ன செய்தேன், என்ன பிழை வந்தது, எதையெல்லாம் முயன்றேன்.

மென்டர் (வழிகாட்டி) எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். பெங்களூரு நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், சமாளிக்கலாம். கலிபோர்னியா என்றால் 15, 16 மணி நேரம். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் பெரும்பாலும் மறுநாள்தான்.

ரிமோட்டில் எல்லாம் எழுத்தில் இருக்கும், அது பெரிய வரம். கோட் ரிவியூவில் (நாம் எழுதிய கோடைக் குழுவில் மற்றவர்கள் பார்த்துச் சொல்வது) வந்த கருத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் நான் தேறினேன்.

இரண்டும் கலந்த முறை கிடைத்தால், முதல் மாதம் பாலத்தைக் கடந்து போய்வாருங்கள். அப்புறம் வீட்டிலிருந்தே செய்யலாம்.