தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கு எந்தத் தொட்டி?

"மண் தொட்டி வை, செம்மண் போடு, புளித்த மோர் ஊற்று" என்பார்கள் ஊரில். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் மூன்றுமே இடிக்கும். தொட்டிக்குள் செம்மண் செங்கல்லாக இறுகும். மோருக்கு ஈ வரும், பின்னாலேயே பக்கத்து வீட்டார் வருவார்கள். மண் தொட்டியைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறும், வேருக்குக் காற்று கிடைக்கும். தினமும் கை நிறையத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் செடியை இது காப்பாற்றும். ஆனால் 30 செ.மீ. தொட்டி காலியாகவே ஐந்தாறு கிலோ இருக்கும். நனைந்த கலவையோடு 20 கிலோவை நெருங்கும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஒதுக்கச் சொன்னால் நகர்த்தவேண்டியது நீங்கள்தான். பளபளப்புப் பூச்சுள்ள தொட்டியோ மூச்சே விடாது. பிளாஸ்டிக்கின் குணம், மண்ணின் பாரம்.

பிளாஸ்டிக் மலிவு, லேசு, ஈரத்தைப் பிடித்துவைக்கும். கூரையுள்ள, காற்றோட்டமான தாழ்வாரத்துக்கு அது நல்லதுதான். கோளாறு அடியில் இருக்கிறது: நாலே நாலு சிறு துளை. 8 மி.மீ. துளைகள் இன்னும் ஆறு போடுங்கள். அவற்றில் இரண்டு பக்கச் சுவரில், அடியை ஒட்டி இருக்கட்டும். அடியில் சரளைக்கல் பரப்பினால் வடியும் என்பது தவறு. பொடிக்கலவையில் நிற்கும் நீர் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே தங்கும். ஈர மட்டம் வேருக்கு இன்னும் கிட்டே வந்ததுதான் மிச்சம். துளையை ஒரு துண்டு வலையால் மூடினால் போதும். மேற்கு வெயில் படும் இடத்தில் கறுப்புத் தொட்டி வேண்டாம், அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும்.

துணிப்பையில் வேர் நுனி ஓரத்துக்கு வந்ததும் காய்ந்து, உள்ளே கிளைக்கும். பிளாஸ்டிக்கில் போல வட்டமடித்துச் சுருளாது. வேருக்கு இதைவிட நல்ல வீடு இல்லை. ஆனால் நாலு பக்கமும் பழுப்பு நீர் கசியும், தாழ்வாரத் தரையில் கறை படியும். வெயிலில் தினமும் ஊற்ற வேண்டும், சில நாள் இருவேளை. தரை வீட்டு முற்றத்துக்கும் சமூகத் தோட்டத்துக்கும் 20 லிட்டர்ப் பை அருமை. வீவக புளோக்கில் வைத்தால் புகார் வரும்.

அடியில் நீர்த்தொட்டி வைத்த தானியங்கித் தொட்டி புதினாவுக்கும் வல்லாரைக்கும் ஏற்றது. கறிவேப்பிலைக்கு ஒத்துவராது; மேல்மண் இடையிடையே காயாவிட்டால் அதன் வேர் அழுகும். இன்னொரு தலைவலி டெங்கி. தேங்கிய நீரில், அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வளர்ந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நீர் ஊற்றும் வாய்க்கு இறுக்கமான மூடியோ நுண்வலையோ இல்லாத தொட்டியை வாங்கவே வேண்டாம்.

எந்தத் தொட்டியானாலும் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தட்டு வேண்டும் என்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் நீரைக் கொட்டி, உள் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடக்கும், நீர் பட்டதும் பொரியும். இறுகிய மேல்மண்ணிலும் நீர் தேங்கும், முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.

ஆகப் பெரும்பாலான தாழ்வாரங்களுக்குப் பிளாஸ்டிக்தான். கை தாராளம் என்றாலோ சாரல் நேராக அடிக்கும் மூலை என்றாலோ மண் தொட்டி. எதுவானாலும் தரையில் வையுங்கள், மதில் விளிம்பில் மட்டும் வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும்.

தேக்கா சந்தையில் வாங்கிய சிறு கன்றை நேரே 30 செ.மீ. தொட்டிக்கு மாற்றாதீர்கள். வேர் எட்டாத கலவை ஈரமாகவே கிடந்து புளிக்கும். முதலில் 15 அல்லது 20 செ.மீ., வேர் துளையில் எட்டிப்பார்த்ததும் அடுத்த அளவு. கலவை: பையில் விற்கும் தொட்டிக்கலவை 4 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்மணி) 2 பங்கு, மக்கிய உரம் 1 பங்கு. தொட்டி விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. விடுங்கள், ஊற்றும் நீர் தரையில் வழியாது. மெல்லக் கரையும் மணி உரப் பையில் நாலு மாதம் என்று போட்டிருந்தாலும் இங்குள்ள சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும். இரண்டரை மாதத்தில் மறுபடி போடலாம்.

எப்போது ஊற்றுவது? சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சியை விரல் நீளத்துக்குச் செருகி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம். சுத்தமாக வந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். இலை மஞ்சளாகிறது, குச்சியிலும் ஈரம் என்றால் உரம் போட்டு நிலைமையைக் கெடுக்காமல், செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்ததை வெட்டி, புதுக் கலவையில் ஒரு அளவு சிறிய தொட்டியில் நடுங்கள்.

ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வட்டமடித்த வேரை ஓரத்தில் இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு அதே தொட்டியில் புதுக் கலவையோடு வைக்கலாம். பூங்கொத்து வந்தால் கிள்ளுங்கள், நுனி கிளைத்துத் தழையும். இலைமேல் பறவை எச்சம்போல ஒன்று கிடந்தால் உற்றுப் பாருங்கள்: அது நகரும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நாலைந்து சேர்ந்தால் சின்னச் செடியை மொட்டையடித்துவிடும்.