சிந்தெடிக் ஆயில் இன்ஜின் சீல் ரப்பரைத் தின்னுருச்சுன்னு சொன்னா உஷார்

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் 4,800 ரூபாய் ஏமாந்தேன். பழைய பைக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என் 100 சிசி வண்டிக்கு 14 வயது. அதுவரை சாதா மினரல் இன்ஜின் ஆயில்தான். ஒரு ஆசையில் ஃபுல் சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஆயில் வாங்கி ஊற்றினேன். மூன்றே வாரத்தில் இன்ஜினில் செயின் ஓடும் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) பக்கம் கசிவு. காலையில் வாசல் கோலத்து மேலேயே கறுப்பாகச் சொட்டியிருந்தது. அதற்கு வீட்டில் வாங்கியது தனிக் கணக்கு.

"சிந்தெடிக் ரப்பரைத் தின்னுரும்ணே. உள்ள எல்லா சீலும் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்" என்றார் மெக்கானிக். சீல் என்பது ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். பயந்துபோய்ச் சரி என்றேன். மறுநாளே வண்டி ரெடி, கசிவும் இல்லை. பழைய சீலைக் கேட்டதற்கு, "குப்பைல போட்டாச்சுண்ணே."

பத்து நாள்தான். அழகர்கோயில் போய்த் திரும்பியதும் மறுபடி சொட்டு.

திருமங்கலத்தில் மச்சான் சொன்ன கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் டார்ச் அடித்து இன்ஜின் போல்ட்டுகளைக் காட்டினார். வருஷக் கணக்கில் அப்பிய மண்ணும் பிசுக்கும் அப்படியே இருந்தன. "இதுல ஸ்பானரே படலயே தம்பி." ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கெட்டி ஆயிலா ஊத்தி விட்ருக்கான், கொஞ்ச நாளைக்குக் கசிவு தெரியாதுல்ல" என்றார்.

ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, வெளியிலிருந்தே சீலை நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தார். நகத்தால் அழுத்தினேன், அமுங்கவே இல்லை. சிரட்டை மாதிரி இருந்தது. இத்தனை வருஷச் சூட்டில் ரப்பர் இறுகிப்போய், இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தது பழைய ஆயில் கசடுதானாம். புது ஆயில் அதைக் கழுவிவிட, இருந்த ஓட்டை வெளியே தெரிந்திருக்கிறது. 1970களில் வந்த சில சிந்தெடிக் ஆயில்களில் சீல் சுருங்கியது உண்மைதான். பயம் அங்கிருந்துதான் கிளம்பியது. அப்புறம் ரப்பரைச் சுருங்கவிடாத சேர்க்கைகளைக் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சீல், கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். அதன்பின் மறுபடி ஃபுல் சிந்தெடிக்தான் ஊற்றினேன், இரண்டு மாதமாக ஒரு சொட்டு இல்லை.

வில்லாபுரத்துக்காரருக்கு போன் போட்டேன். "வண்டியைக் குடுக்கயில கசியலயேண்ணே" என்று வைத்துவிட்டார். பில்லும் நான் வாங்கியிருக்கவில்லை.