ஷப்லி என்று காசு வாங்கி வேறு வைன் ஊற்றுகிறார்கள், கவனம்

பாரிஸில் சிப்பி சாப்பிடப் போகிறவர்கள் வெள்ளை வைனைக் கிளாஸ் கணக்கில் கேட்டால், போத்தலை மேசைக்குக் கொண்டுவந்து கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். போன சனிக்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் பாருக்குப் பின்னால் ஊற்றிக் கொண்டுவந்து தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள். முறைப்பாடு போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

மெனுவில் இருந்தது 'ஷப்லி பிரெமியே க்ரூ மொன்மேன், 12.5 சென்டிலிட்டர், 13 யூரோ'. பிரெமியே க்ரூ என்பது ஷப்லியில் மேலிருந்து இரண்டாம் தரம், மொன்மேன் என்பது திராட்சைத் தோட்டத்தின் பெயர். விலை கொஞ்சம் அதிகந்தான். ஆனாலும் சிப்பிக்கு ஷப்லி மாதிரி வராது. பிரான்ஸின் பூர்கோன் பிரதேசத்தின் வடகோடியில், யொன் மாவட்டத்தில், செரென் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊரின் பெயர்தான் இந்த வைனுக்கும். திராட்சை ஷார்தொனே ஒன்றுதான், வேறு எதையும் கலக்க அனுமதி இல்லை. அங்கத்தைய சுண்ணாம்புக் களிமண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுப் பழைய குட்டிச் சிப்பி ஓடுகள் கல்லோடு கல்லாகக் கிடக்கும். குளிர் பிரதேசம் என்பதால் பழத்தின் புளிப்பு குறையாது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, மழையில் நனைந்த கல் வாசனை. சிப்பியில் எலுமிச்சை பிழிய வேண்டியதே இல்லை, அந்த வேலையை வைனே பார்த்துக்கொள்ளும். ஆட்டுப்பால் சீஸ், பூண்டு வெண்ணெயில் வாட்டிய நத்தை இரண்டுக்கும் நன்றாகப் போகும். வீட்டில் கணவாய் பொரித்தாலும் சரிதான், மிளகாய்த்தூள் மட்டும் கூடக் கூடாது. உறைப்பு ஏறினால் வைன் வெறும் புளித்தண்ணீர்.

எங்கள் மேசைக்கு வந்ததோ நல்ல மஞ்சள் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் அன்னாசியும் வனிலாவும். வாயில் வழவழவென்று ஓர் இனிப்பு. பிரெமியே க்ரூக்களில் சில மரப்பீப்பாயில் கிடந்து வரும், அதனால் வனிலாவை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் புளிப்பே இல்லாத ஷப்லி எங்கே இருக்கிறது? தெற்கே வெயில் காய்ந்த மலிவு ஷார்தொனே என்றுதான் எனக்குப் பட்டது.

போத்தலைக் காட்டச் சொன்னோம். சிரித்த முகத்தோடு கொண்டுவந்தார்கள், லேபிள் எல்லாம் சரி, மொன்மேன்தான். ஆனால் வைன் கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அளவுதான் இறங்கியிருந்தது. 75 சென்டிலிட்டர் போத்தலில் எங்கள் மூன்று கிளாஸ் ஊற்றினாலே பாதி காலியாகிவிடும். தொட்டுப் பார்த்தேன், குளிரே இல்லை. கிளாஸ்களில் மட்டும் பனி படிந்திருந்தது. கேட்டால், "அது முடிந்துவிட்டது, இது புதுப் போத்தல்" என்றார் பரிமாறியவர். அப்படியானால் வெறும் போத்தலைக் காட்டுங்கள் என்றோம். குப்பைக்குப் போய்விட்டதாம்.

மானேஜர் வந்து, பெரிய மனது பண்ணி ஒரு கிளாஸைக் கழித்தார். பில்லில் ஷப்லி என்ற சொல்லே இல்லை, 'வெள்ளை வைன்' என்று மொட்டையாக அடித்திருந்தது. மெனுவைப் படம் எடுத்து வைத்ததுதான் இப்போது கைகொடுக்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2021 ஏப்ரல் உறைபனியில் ஷப்லியில் விளைச்சல் படுத்த பிறகு விலை நன்றாக ஏறிவிட்டது. லேபிளில் கீழிருந்து மேலாக நான்கு படிகள் உண்டு: பெத்தி ஷப்லி, ஷப்லி, பிரெமியே க்ரூ, கிரான் க்ரூ. முதல் படியை ஊற்றி மூன்றாம் படிக்குக் காசு வாங்கினாலே மோசடிதான், எங்களுக்கு அந்த முதல் படிகூடக் கிடைக்கவில்லை.

முறைப்பாட்டை சிக்னல்கொன்சோவில் போட்டேன். அரசாங்கத்தின் தளம், செலவில்லை. மெனுப் படம், பில் இரண்டையும் இணைத்தேன். அவர்களே கடைக்கு அறிவிப்பார்கள், கடைக்காரர் அதிலேயே பதில் எழுதலாம். இதுவரை எழுதவில்லை.